மணியும் மாசும்

இறைவனை மணியென்றும் மாணிக்கமென்றும் பவளமென்றும் அழைத்தல் நம் திருமுறைகளில் யாண்டும் பயின்று வரும் வழக்காகும். அவன் திருமிடற்றை நீலமணி என்பர். திருமேனியைப் பவளம் என்பர். சமயாசாரியர் நால்வருள் ஒருவர்க்கு மாணிக்கவாசகர் என்பதே திருப்பெயராயிற்று. ஆதலின், மணிகளின் இயல்பை ஆராய்தல் வணிகர்க்கும் பொற்கொல்லர்க்குமே உரியது, சைவநூல் பயில்வார்க்கு அதனால் ஆவதொன்றில்லை என்று கருதற்க. உவமையாக எடுத்த பொருளின் இயல்பு விளங்காதவிடத்து, அவ்வுவமையாற் பெறப்படும் பொருளும் செவ்வனே விளங்காது.

ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது ஒரு சிறு வினா. மணிநூல் செய்தார் பலரும் ஒருமுகமாக விதிப்பதொன்றுண்டு. குற்றமுள்ள மணி அணிந்தார்க்குக் கேடு பயக்கும்; ஆகவே அது விலக்கத்தக்கது என்பதே அவ்விதி. அங்ஙனமாகவும், தஞ்சை இராசராசேச்சரத்துத் திருவாபரணங்களைப் பற்றிய கல்வெட்டுக்களில், குற்றமுள்ள மணிகள் இறைவன் திருமேனிக்குரிய அணிகளில் இடம்பெற்றிருத்தல் காணப்படுகின்றது. இடம்பெற்றது மட்டுமன்று, அக்குற்றங்கள் கல்லில் எழுதியும் வைக்கப்பட்டன. மாந்தர்க்கே ஆகாதென்று விலக்கியதனை மகாதேவனுக்குச் சாத்துதல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டின், பண்டையோர் மணிகளை எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு மதித்தனர் என்பதனை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் 17ஆம் படலம் மாணிக்கம் விற்ற படலம். வீரபாண்டியன் வேட்டையிற் புலியால் மாய்ந்தபின், அவன் காமக்கிழத்தியர் புதல்வர் கருவூலத்துப் பொருளையும் முடியையும் கவர்ந்து சென்றனர். இளங்குமரனுக்குச் சூட்ட முடியின்றி அமைச்சர் வருந்திய காலத்துச் சோமசுந்தரக் கடவுள் மணிவணிகராய் எழுந்தருளினார். வலன் என்னும் அசுரன் தேவர்க்கு வேள்விப் பசுவாகத் தன்னையே கொடுத்தான் என்றும், அவன் குருதி மாணிக்கமாகவும், பல் முத்தாகவும், எலும்பு வயிரமாகவும், பித்தம் மரகதமாகவும், கண் நீலமாகவும் ஆயின என்றும் மணிகளின் பிறப்பை உரைத்தார். பின்னர் ஒவ்வொன்றன் சாதியையும் குணத்தையும் குற்றத்தையும் விரித்துக் கூறியே மணிகளை வழங்கியருளினார். விற்க வந்தவரே குற்றத்தையும் உடன் எடுத்துரைக்கும் வாணிகம் உலகத்து அரிது. அப்படலத்தைப் பாடங் கேட்பார் பலர், வலன் கதையிற் காட்டும் ஆர்வத்தை இக்குறிப்பிற் காட்டுவதில்லை.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மாநகரின் மணிவீதியைக் காண்கின்றான். ஆண்டு வயிரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, இரேகை எனக் குற்றங்கள் குறிக்கப்படுகின்றன. காகபாதமாவது மணியினுள்ளே காக்கையின் அடிபோலப் பிளந்து தோன்றுங் கீற்று, விந்துவாவது புள்ளி, இரேகையாவது வரி. இற்றை நாளில் மணி ஆய்வோர் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஆடியைக் கண்ணிற் பொருத்தித் தேடுவனவும் பெரும்பாலும் இவையே. ஆடியின்றி வெறுங் கண்ணால் இவற்றை வகுத்துப் பெயரிட்ட பழையோரின் கூர்மை பாராட்டத்தக்கது. அடியார்க்குநல்லார் அப்பகுதிக்கு உரையெழுதுமிடத்துப் பழைய மணிநூற் செய்யுட்கள் பலவற்றை எடுத்துக் காட்டுகின்றார். அவர் உரை இல்லையாயின் தமிழில் மணிநூல் என ஒன்று வழங்கியதனையே நாம் மறந்திருப்போம்.

வடமொழியிலும் இத்துறை நூல்கள் பலவுள. கௌடலியர் தம் பொருணூலிற் கருவூலத்திற் புகும் மணிகளை ஆராயும் முறைக்குத் தனியே ஓரதிகாரம் வகுத்தனர். முத்துப் பிறக்கும் இடங்களுள் தாமிரபரணியையும் பாண்டிய கவாடத்தையும் முன்வைத்தனர். வராகமிகிரர் பிருகற்சங்கிதையில் வயிரம், முத்து, மாணிக்கம், மரகதம் என்பவற்றை ஆராய்ந்தனர். புத்தபட்டர் இயற்றிய இரத்தினபரீட்சை என்னும் நூலும், கருட புராணத்து மணிப் பகுதியும் இவ்வழியினவே.

இவர்தம் பரீட்சை முறைகளில் உண்மையும் உண்டு, உண்மையல்லாதனவும் உண்டு. வயிரம் பிற மணிகளையெல்லாங் கீறும், தான் எதனாலும் கீறப்படாது என்றது முற்றிலும் மெய். ஐரோப்பிய நிலநூற் புலவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கற்களின் வன்மையைப் பத்துப் படிகளாக வகுத்தபோது உச்சியில் வைத்ததும் வயிரமே. அதற்கு அடுத்த கீழ்ப்படியில் வைத்தது மாணிக்கமும் நீலமும் அடங்கிய இனத்தை. அவ்வினத்துக்கு அவர் வழங்கும் பெயர் நம் குருந்தம் என்னுஞ் சொல்லினின்றும் சென்றதாகும். செம்மையும் நீலமுமாகிய இவ்விரண்டும் ஒரே கல்லென்பதும், சிறிதளவு கலந்த வேற்றுப் பொருளாலேயே நிறம் வேறுபட்டதென்பதும் பிற்காலத்துத் துணிபு. ஆயினும் மாணிக்கத்துக்குச் சொன்ன குணமும் குற்றமும் நீலத்துக்கும் ஒக்கும் என நம் பழைய நூலார் விதித்திருத்தலை நோக்கின், அவ்வுறவின் சாயல் அவர்க்குத் தோன்றாமற் போகவில்லை எனலாம். இனி, நல்ல வயிரம் நீரில் மிதக்கும் என்றதோ பிழை. வயிரம் நீரினும் மூன்றரை மடங்கு கனமுடையது, மிதந்தது வயிரமாகாது. நீலத்தின் உயர்ந்த சாதி தன் எடையின் நூறு மடங்கு பாலையும் நீலமாக்கும் என்றது புகழ்ச்சி. நூல் பழையதாதல் பற்றி அதிலுள்ள அனைத்தையும் மெய்யெனக் கொள்ளுதலும், ஒன்று பொய்யானமை பற்றி அனைத்தையும் தள்ளுதலும் ஆராய்ச்சியாகா.

நிறுத்தற்கு வித்துக்களைக் கொண்டனர். குன்றிமணி இரண்டு ஒரு மஞ்சாடி. மஞ்சாடி இருபது ஒரு கழஞ்சு. மாணிக்கத்தைச் சாதுரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கம் என நான்காகப் பகுத்தனர். முத்து வாணிகத்தின் நுட்பமோ வியக்கத்தக்கது. மன்னார்க் கடலிற் சலாபம் நடந்த காலத்து, முத்துக்களைத் துளையளவால் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகள் பத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலித்தனர். இருபது துளையுள்ள சல்லடையில் நிற்பது பெருமுத்து, ஆயிரந் துளையுள்ளதில் நிற்பது சிறுமுத்து. அதன்பின் உருட்சியும் ஒளியும் நோக்கி, எல்லா நலனும் நிறைந்ததனை ஆணி என்றனர். உருக்கெட்டதனைப் பீசல் என்றனர். கடைநின்றதனைத் தூள் என்றனர். விலை காணுதற்குச் செவ்வு என்றொரு கணக்கு இருந்தது. மஞ்சாடி நிறையைத் தன்னாற் பெருக்கி, அதில் முக்காற்பங்கை முத்தின் தொகையால் வகுத்துச் செவ்வு கண்டனர். ஆகவே நிறை இரட்டித்த ஒரு முத்தின் மதிப்பு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகும். அரியது பெரிதாகுந்தோறும் அதன் அருமை எவ்வளவு விரைந்து ஏறுகின்றது என்பதனை எண்ணாற் பிடித்த கணக்கு இது. பரதவரும் செட்டிகளும் மரக்காயரும் இதனை ஏடெடுத்துப் பாராது மனத்திலேயே போட்டனர்.

17ஆம் நூற்றாண்டிற் கோல்கொண்டா நாட்டு வயிரச் சுரங்கங்களுக்கு வந்த தவேர்னியே என்னும் பிரஞ்சு வணிகர் ஒரு செய்தி எழுதிவைத்தார். ஐரோப்பியர் வயிரத்தின் நீரோட்டத்தைப் பகலொளியிற் காண்பர். இந்தியரோ இரவிற் காண்பர். சுவரில் ஓரடிச் சதுரமாக ஒரு மாடம் அமைத்து, அதிற் பருத்த திரியிட்ட விளக்கை வைத்து, அவ்வொளியில் மணியை விரல்களிடையே பிடித்து நோக்குவர் என்கிறார். கொள்வோனும் கொடுப்போனும் துணியின்கீழ்க் கைகோத்து விரலழுத்தத்தாலேயே விலை பேசிய வழக்கத்தையும் அவர் கண்டெழுதினார். இதனை நாம் மாட்டுச் சந்தைகளிற் கண்டிருக்கிறோமாதலின் நமக்கு இது புதுமையன்று. மாடத்து விளக்கையோ அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் அதனிடம் மீள்வோம்.

இவ்வளவு நுணுகிய பரீட்சை ஏன் வேண்டியதாயிற்று? போலி மிகுந்தமையாலென்க. முதல் நூற்றாண்டினராகிய உரோமப் புலவர் பிளினி, இந்தியர் பளிங்குக்குச் சாயமேற்றி விலையுயர்ந்த மணிகள்போற் செய்யவல்லர் என்று எழுதினர். கொங்கு நாட்டுப் படியூரிலும் கொடுமணலிலும் மணித்தொழில் செழித்திருந்த அக்காலத்து, மெய்ம்மணியோடு பொய்ம்மணியும் கடல் கடந்தது போலும். இப்பழிப்பைக் கேட்டு நாம் சினக்க வேண்டுவதில்லை. மெய் விலைபெறும் இடத்திலேதான் பொய் பிறக்கும். மணியின் அடியில் நிறமுள்ள தகட்டை வைத்துக் கட்டி ஒளியேற்றுதல் இன்றுவரை தட்டார் அறிந்த தொழில். வெண்பளிங்கின் அடியிற் செந்தகடிட்டால் அது செம்மணியாய்த் தோன்றும். பச்சைத் தகடிட்டால் மரகதமாய்த் தோன்றும். சித்தாந்த நூல்களில் உயிருக்குப் பளிங்கை உவமை கூறி, அது சார்ந்ததன் வண்ணமாதலை விளக்குவதனை இங்கே ஒப்புநோக்குக. நம் ஆசிரியர்கள் உவமையைக் காட்டிலும் மலையிலுமிருந்து மட்டும் எடுக்கவில்லை, கடைத்தெருவிலிருந்தும் எடுத்தனர்.

அரசர் முடியும் இம்மயக்குக்குத் தப்பியதில்லை. இங்கிலாந்து அரசர் சூடும் முடியொன்றின் முகப்பிற் பதித்த பெருஞ் செம்மணி நூற்றாண்டுகளாக மாணிக்கமென்றே போற்றப்பட்டது. மாணிக்கத்தோடு உருவொத்த வேறோர் இனக்கல் உண்டென்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புலப்பட்டபின், அம்மணி மாணிக்கமன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் அதனைப் பெயர்த்தெறிந்தாரில்லை. பழைய பெயரோடு இன்றும் அங்கேயே இருக்கின்றது. 1902இற் பிரஞ்சு நாட்டு வெர்னேல் என்பார் உலைத்தீயில் மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். 1954இல் அமெரிக்காவில் வயிரமும் ஆக்கப்பட்டது. இவை சாயமேற்றிய பளிங்கு போல்வன அல்ல. பொருளாலும் வன்மையாலும் ஒளியாலும் நிலத்திற் பிறந்தவற்றோடு ஒப்பன. இவற்றைப் பொய்ம்மணி என்று வைதல் எமக்கு உடன்பாடன்று. ஆக்கியதனை ஆக்கியதென்று சொல்லி விற்பானிடத்துக் குற்றமில்லை. நிலத்திற் பிறந்ததென்று சொல்லி விற்பானிடத்தே குற்றம் பிறக்கின்றது. ஆகவே பொய் என்பது கல்லின்கண் இல்லை, சொல்லின்கண் உளது.

சிலம்பின் கதை முழுதும் இதன்மேலேயே நிற்கின்றது. பொற்கொல்லன் காட்டிய சிலம்பு கோப்பெருந்தேவியின் சிலம்பே எனப் பாண்டியன் நம்பினான். ஒன்றனுள் இருந்தன முத்துக்கள். மற்றொன்றனுள் இருந்தன மாணிக்கங்கள். உடைத்துப் பார்த்திருப்பின் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். நாட்டிலேயே சிறந்த மணிவீதியையுடைய ஊரின் அரசன், மணிபற்றிய வழக்கில் மணியை ஆராயாது தீர்ப்பளித்தான். ஆராய்ந்தது கண்ணகி வந்தபின். அப்போது உயிர் போயிற்று, அரசும் போயிற்று.

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெருங்கோயில் கி.பி. 1010இல் நிறைவெய்தியது. தானும் தன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாங் கல்லில் வெட்டுவிக்குமாறு அவன் ஆணையிட்டான். அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் மடலிற் காணலாம். திருவாபரணங்களைப் பற்றிய பகுதி, படிக்கப் பொறுமை வேண்டும். படித்தார்க்கு அதனை ஒத்த மணிநூல் வேறில்லை. முத்துக்கள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வகுக்கப்பட்டன. குளிர்ந்த நீரின எனவும் சிவந்த நீரின எனவும் ஒளி குறிக்கப்பட்டது. வயிரங்களில் இத்தனை முனை மழுங்கியன, இத்தனை தட்டையாயின, இத்தனை உருண்டன என்று கணக்குளது. ஓரணியை நிறுக்குமிடத்துச் சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறை கண்டனர். அரக்கு உள்ளிருந்தால் அதனையும் கூறினர். இறுதியில் அவ்வணி இத்தனை காசு பெறும் என்று விலையும் எழுதினர்.

எம் உள்ளத்தைக் கவர்ந்தது இவ்விரிவன்று. வயிரங்களைச் சொல்லுமிடத்து, அவற்றுட் பொட்டுள்ளனவும், முறிவுள்ளனவும், செம்புள்ளியும் கரும்புள்ளியும் உள்ளனவும், தீயில் வெந்தாற்போன்ற வடுவுள்ளனவும் அடங்கும் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. மாணிக்கங்களைச் சொல்லுமிடத்துக் குழிந்தனவும், துளையுள்ளனவும், வெண்பொட்டுள்ளனவும், தாய்க்கல் இன்னும் விடாது ஒட்டியிருப்பனவும் அடங்கும் என்கின்றது. உலகாண்ட மன்னவன் தன் இறைவனுக்குக் கொடுத்த கொடையைக் கல்லில் எழுதுகையில், தன் கொடையின் குறையையும் எழுதச் செய்தான். புகழெழுதும் இடத்தில் இழுக்கெழுதிய அரசர் எத்தனைபேர்?

எம்மூராகிய மணிமங்கலத்தையே எடுத்துக்கொள்க. இராசகோபாலப் பெருமாள் திருக்கோயிற் சுவரில் முதலாம் இராசாதிராசனின் நெடிய மெய்க்கீர்த்தியொன்று உளது. இராசராசனின் பேரனாகிய அவன், ஈழத்து அரசர் பலரை வென்று அவர் முடிகளைக் கைக்கொண்ட செய்தி அதிற் பாடப்படுகின்றது. ஈழம் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் பிறப்பிடம். அம்முடிகள் எத்தகைய மணிகளால் ஒளிர்ந்திருக்கும் என்பதனைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அக்கல்வெட்டில் அம்முடிகளின் மணிகளுக்குக் குற்றம் ஒன்றும் கூறப்படவில்லை. வென்று கொண்டதனைப் பாடும்போது மணிகள் குற்றமற்றன. இறைவனுக்குக் கொடுத்ததனை எழுதும்போது மணிகள் குற்றமுடையன. ஒன்று மெய்க்கீர்த்தி, மற்றொன்று கணக்கு என்று கூறி இவ்வேறுபாட்டைக் கடந்துவிடலாம். யாம் அங்ஙனங் கடக்க விரும்பவில்லை.

அற்றேல், அது கணக்குக்காகச் செய்ததே. மணியை மாற்றிக் களவாடாதபடி அதன் அடையாளங்களைப் பதிந்தனர். அதன்கண் மெய்ப்பொருள் தேடுதல் மிகை என்பார் உளராயின், அவர் கூற்றிற் பெரும்பகுதி உண்மையே என்க. முறிவுள்ள மணியை முறிவுள்ளதென்று எழுதிவைத்தால், பண்டாரத்தார் அதனை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்தல் அரிது. இராசராசன் கணக்கிற் சிறந்தவன். நிலத்தை நுண்ணிதின் அளப்பித்தவன். அவன் இவ்வுலகியற் காரணத்தை எண்ணாதிருக்கமாட்டான். ஆயினும் இக்காரணம் குற்றத்தை எழுதியதற்கே விடையாகுமன்றிக் குற்றமுள்ளதனைக் கொடுத்ததற்கு விடையாகாது. குற்றமற்ற மணிகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கொடுத்திருக்க அவனால் இயலாதா? சேரரையும் பாண்டியரையும் வென்று அவர் பண்டாரங்களைக் கொண்டவன் அவன்; தெரிந்தெடுக்கக் குவியல் குறைவில்லை.

இனி மற்றொரு தடை உண்டு, அது வலியது. சிவபூசைக்குப் புழுக்கடித்த பூவும், மயிர்பட்ட பூவும், முகர்ந்த பூவும், தானே உதிர்ந்த பூவும் ஆகாவென்று பூசை விதிகள் விலக்குகின்றன. பூவுக்கே இவ்விதியாயின் மணிக்குச் சொல்லவேண்டுமோ எனின், கூறுதும். பூ நாடோறும் பூப்பது. நல்லதொன்று அடுத்த கிளையிலேயே இருக்க, புழுக்கடித்ததனைப் பறித்தவன் சோம்பலாற் பறித்தான். அவ்விதி பூவின் குற்றத்தை நோக்கியதன்று, பறித்த கையின் அசட்டையை நோக்கியது. கண்ணப்ப நாயனார் ஊனைத் தம் நாவிலிட்டுச் சுவைபார்த்து, நல்லதனையே தெரிந்து படைத்தனர். அஃது எச்சில் ஆதலின் ஆகமத்தான் இழுக்கு; ஆனால் அவர் செய்தது பரீட்சை. மணிவணிகன் விளக்கொளியிற் செய்ததனை அவர் நாவினாற் செய்தனர். அசட்டை அங்கே அணுவளவும் இல்லை. எனவே இறைவன் அதனை ஏற்றருளினான். தஞ்சைக் கணக்கிலும் அசட்டை இல்லை. ஒவ்வொரு மணியையும் ஒருவர் கையிலெடுத்து நோக்கியிருந்தாலன்றி அப்பட்டியல் எழுந்திராது.

எம்மூரைச் சூழ்ந்து ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் இந்நாளில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஆங்கு ஒவ்வோர் உறுப்பையும் அளந்து நோக்கிக் குற்றமுள்ளதனை ஒதுக்கித் தள்ளுதல் முறை. வண்டி ஓடவேண்டுமாதலின் அது நன்முறையே. ஆனால் அளந்து நோக்குதல் என்பதன் பயன் தள்ளுதல் ஒன்றே என்று நம் இளைஞர் எண்ணத் தொடங்கியிருத்தல் காண்கின்றோம். தம்மையும் பிறரையும் அவ்வாறே நோக்குகின்றனர். அளந்து நோக்கிக் குற்றத்தை எழுதி, எழுதியபின் ஏற்றுக்கொள்ளும் முறையும் ஒன்றுண்டென்பதனைத் தஞ்சைக் கற்கள் காட்டுகின்றன.

இம்முறைக்கு ஆதாரம் சித்தாந்தத்திலேயே உளது. உயிர் அநாதி, அதனைப் பற்றிய ஆணவமலமும் அநாதி. செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் போல அது இடையில் வந்ததன்று, உடன் உள்ளது. கன்மமும் மாயையுமோ பளிங்கின் அடியிலிட்ட தகடுபோல வந்து சேர்வன. குற்றமற்றதனையே இறைவன் கொள்வான் என்றால், அவன் கொள்ளுதற்கு உயிரொன்றும் இராது. மலம் நீங்கியபின் அருள் வருவதன்று. அருள் வந்து மலத்தை நீக்குகின்றது. மாசுடைய மணியையே அவன் கையில் எடுக்கின்றான். இவ்வுவமை ஓரிடத்தில் முடம்படும் என்பதனையும் சொல்லிவிடுதல் வேண்டும். மணியில் விழுந்த முறிவு பொருந்துவதில்லை. உயிரின் மலமோ வலிகெட்டு அடங்கும். அதனாலன்றோ நம் ஆசிரியர் அவ்விடத்து மணியை விட்டு, இரசகுளிகையாற் களிம்பு நீங்கிப் பொன்னாகும் செம்பை உவமை கூறினர்.

முற்கூறிய மாடத்து விளக்கை இங்கே நினைக்க. இருட்டறையில் எல்லா மணியும் ஒன்றே. குற்றமுள்ளதும் அற்றதும் கைக்கு ஒரேபடியாகத் தட்டுப்படும். விளக்கை ஏற்றியவுடன் மணியின் ஒளியும் தோன்றும், அதனோடு காகபாதமும் தோன்றும். ஒளி மிகுந்தோறும் குற்றம் மிகுதியாகத் தெரியும். குற்றம் மிகுந்ததனாலன்று, கண் விளங்கியதனால். புற இருள் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையுங் காட்டாது என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிற் காட்டிய நுட்பம். தன் குற்றத்தைத் தானே மறைக்கும் குற்றம் அது. மணியின் மாசை மறைத்து விற்கும் வணிகன் அவ்வாணவத்தின் ஏவலாளன் என்னலாம். தன்னில் ஒரு குற்றமும் இல்லையென்று ஒருவன் மகிழ்வானாயின், அவன் மாடத்தில் விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை.

நம் ஆசாரியர் பாடல்களை இக்கண்கொண்டு நோக்குக. திருநாவுக்கரசர் கழிந்த நாளை எண்ணி வருந்துகின்றார். மாணிக்கவாசகர் தம்மை நாயினுங் கடையென்கின்றார். அத்துணைப் பெரியோர் தம்மைத் தாழ்த்திக் கூறுதல் அவையடக்கம் போன்றதொரு மரபென்று சிலர் கருதுவர். பிறர்பொருட்டுத் தம்மேல் ஏற்றிச் சொன்னது என்று வேறு சிலர் அமைதி கூறுவர். இரண்டும் எமக்கு நிறைவளிக்கவில்லை. அவர்க்கு விளக்கு நிறைந்து எரிந்தது; ஆகவே நமக்குத் தெரியாத நுண்ணிய புள்ளியும் அவர்க்குத் தம்மிடத்துத் தெரிந்தது. தெரிந்ததனை மறையாது இறைவன் திருமுன் எழுதிவைத்தனர். திருவாசகம் அவ்வகையில் தஞ்சைக் கல்வெட்டுக்கு முன்னோடி. மாணிக்கம் என்று பெயர் பெற்றவரே தம்மிலுள்ள குழியையும் பொட்டையும் தாய்க்கல் விடாது ஒட்டியிருத்தலையும் அடுக்கடுக்காகச் சொல்லி, அவ்வாறே தம்மைக் கொடுத்தனர்.

ஒன்று சொல்லாது எஞ்சியது. அது நிறைகல்லைப் பற்றியது. இராசராசேச்சரத்துப் பொன் நிறுத்தகல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணி நிறுத்தகல்லுக்குத் தக்கிணமேருவிடங்கன் என்று பெயர். இரண்டும் இறைவன் திருப்பெயர்களே. கொடுக்கும் பொருள் ஒரு தட்டில். கொள்வோன் திருப்பெயர் தாங்கிய கல் மறுதட்டில். பழையாறையிற் பொன்னும் மணியும் பட்டும் விற்ற அமர்நீதி நாயனார் திருநல்லூரில் இட்ட துலையும் இத்தகையதே. அடியாராய் வந்தார் தந்த கோவணம் ஒரு தட்டில் இருந்தது. மறுதட்டில் நாயனார் தம்மிடமிருந்த துகிலையெல்லாம் இட்டனர், பொன்னை இட்டனர், நவமணிகளையும் இட்டனர். விலையறிந்து விற்ற அவ்வணிகர் அம்மணிகளுள் ஒவ்வொன்றன் சாதியும் குணமும் அறிந்தவரே. தட்டு எழவேயில்லை. பின்னர்த் தம் மனைவியாரோடும் மைந்தனோடும், திருநீற்றின்பால் வைத்த அன்பிற் பிழைத்திலோமாயின் இத்தட்டு நேர்நிற்க என்று சொல்லித் தாமே ஏறினர். துலை நேர்நின்றது.